சின்ன உதை, பெரிய உதை

வழக்கமா பழைய ரயில் பாதை, மூடிப்போன சினிமா கொட்டகைன்னு எழுதிட்டு இருக்கிற ஆளு திடீர்னு துப்பாக்கியோட வந்து நிக்கறானேன்னு பதறாதீங்க மக்களே. என் வாழ்க்கையில துப்பாக்கியைத் தொட்டது மொத்தமே மூணு நாள்தான். மூணும் கல்லூரி என்.சி.சி. முகாம்ல. அந்த மூணாவது நாள் பட்ட அவமானம்தான் இந்தப் பதிவுக்குப் பிள்ளையார் சுழி. (டிஸ்கி: துப்பாக்கி நல்லதா கெட்டதாங்கற பஞ்சாயத்து இங்க இல்லை. அதுக்குன்னு ஒருநாள் தனியா சண்டை போட்டுக்கலாம்.)

முதல் ரெண்டு நாள் .22 ரைஃபிள். 25 மீட்டர் தூரம், ஆளுக்கு அஞ்சு தோட்டா. சுட்டா 'டப்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊசிப் பட்டாசு கூட அதைவிடச் சத்தமா வெடிக்கும். தோள்ல ஒண்ணுமே தெரியாது. என் அட்டையில அஞ்சு ஓட்டையும் உள்ளங்கைக்குள்ள அடங்கிப் போச்சு. எங்க பிளட்டூன்லயே நான்தான் முதல். அன்னிக்கு ராத்திரி கூடாரத்துல நான் ஜெய்சங்கர் மாதிரி நடந்த நடையைப் பார்த்தவங்க இன்னிக்கும் போன் பண்ணி ஓட்டறாங்க.

மூணாவது நாள் .303. அதுவரைக்கும் அணிவகுப்புல தோள்ல சுமந்துட்டுத் திரிஞ்ச அதே கனமான ரைஃபிள், இப்ப நிஜத் தோட்டாவோட. முதல் குண்டு எங்க போச்சுன்னு தெரியலை. தோள்ல கழுதை உதைச்ச மாதிரி இருந்தது மட்டும் தெரிஞ்சது. ரெண்டாவதுல இருந்து இலக்கு அட்டைக்கு ரொம்ப முன்னாடியே மண்ணுல புழுதி கிளம்புது. அஞ்சுல ஒண்ணு கூட அட்டையில இல்லை. நேத்து முதல், இன்னிக்குக் கடைசி. எங்க ஹவில்தார் திட்டலை, சிரிக்கவும் இல்லை. அப்புறம் ஒரு காரியம் பண்ணார். அதைக் கடைசியில சொல்றேன்.

பல வருஷம் கழிச்சு, அமெரிக்கப் போலீஸ் வரலாறு பத்திப் படிச்சிட்டு இருக்கும்போதுதான், என்னோட இந்தச் சின்ன அவமானத்துக்கு அங்க ஒரு பெரிய அண்ணன் இருக்கறது தெரிஞ்சது. அங்க பழகினது லேசான தோட்டாவுல, பிழைக்க வேண்டியிருந்தது கனமான தோட்டாவுல. அதோட விலையும் என்னோடது மாதிரி நாலு பேர் சிரிப்போட முடியலை.

முதல்ல கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பெருக்கல் மட்டும்தான்.

அமெரிக்கத் துப்பாக்கி உலகத்துல குண்டோட எடையை கிரெய்ன்ல சொல்லுவாங்க. நம்ம ஊர்க் கணக்குல ஒரு குன்றிமணி சுமாரா ரெண்டு கிரெய்ன். ஒரு பவுன் 123 கிரெய்ன் சொச்சம். குண்டோட எடையை கிரெய்ன்ல எழுதி, அது நொடிக்கு எத்தனை அடி வேகத்துல போகுதோ அதால பெருக்கி, ஆயிரத்தால வகுத்தா ஒரு எண் வரும். 'பவர் ஃபேக்டர்'ங்கறது இதுதான். கையில படற உதைக்கும் ஏறக்குறைய இந்த எண்ணே அளவு. என் .22ல 40 கிரெய்ன் குண்டு, 1,100 அடி வேகம்: 44. அந்த .303ல 174 கிரெய்ன், 2,440 அடி: 424. ஏறத்தாழ பத்து மடங்கு! நான் ராத்திரியில ஜெய்சங்கரா இருந்து காலையில நாகேஷ் ஆனதுல அதிசயமே இல்லை. :-)

ரைஃபிளை விட்டுட்டு இப்ப கைத்துப்பாக்கிக்கு வருவோம். விஷயம் அங்கதான் இருக்கு.

.38 ஸ்பெஷல் என்பது 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கொண்டுவந்த ரிவால்வர் தோட்டா. அமெரிக்கப் போலீஸ்காரர்களின் இடுப்பில் பல பத்தாண்டுகள் குடியிருந்தது இதுதான். 1935-ல் அதே நிறுவனம் .357 மேக்னம் என்று ஒன்றை இறக்கியது. இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே. மேக்னத்தின் கூடு மட்டும் அரைக்கால் அங்குலம் சொச்சம் நீளம். ஏன் நீளம்? பழைய .38 துப்பாக்கிக்குள் இந்த முரட்டுத் தோட்டாவை யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் எதிர்ப்பக்கம் கதவு திறந்தே இருந்தது. மேக்னம் துப்பாக்கிக்குள் .38 தோட்டா ஜம்மென்று உட்காரும்.

அப்ப என்ன ஆகும்? மனுஷ புத்தி எங்க போகுமோ அங்கதான் போச்சு. துப்பாக்கி மேக்னம், பழகறதுக்கு.38. விலை குறைவு, சத்தம் குறைவு, கையும் வலிக்காது, துப்பாக்கியும் தேயாது. அதுலயும் பயிற்சிக்குன்னே 'வாட்கட்டர்'னு ஒரு தோட்டா. குண்டோட மூக்கு தட்டையா இருக்கும். அலுவலகத்துல காகிதத்துக்கு ஓட்டை போடற பஞ்சிங் மெஷின் மாதிரி அட்டையில சுத்தமான வட்டம் வெட்டும். எத்தனை மதிப்பெண்ணுன்னு எண்றதுக்கு வசதி. 148 கிரெய்ன், 720 அடி வாக்குல வேகம். பெருக்கிப் பாருங்க: 107. வேலைக்குப் போகும்போது இடுப்புல இருக்கிற மேக்னம் தோட்டா 158 கிரெய்ன் (ஒண்ணேகால் பவுனைவிடக் கொஞ்சம் கூட), வேகம் 1,235 அடி: 195. ஏறக்குறைய ரெட்டிப்பு.

இதுல யாரும் யாரையும் ஏமாத்தலை, அதைச் சொல்லிடணும். நல்லாத் தெரிஞ்சவங்களே இதைத்தான் சொன்னாங்க. பில் ஜோர்டன் என்று எல்லைக் காவல்படையில் ஒரு பிரபல துப்பாக்கி வீரர். அவருடைய யோசனையைக் கேட்டுத்தான் 1950களின் நடுவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'காம்பாட் மேக்னம்' ரிவால்வரைச் செய்தது. பெரிய சட்டத்தில் இருந்த மேக்னத்தை, நாள் முழுக்க இடுப்பில் சுமக்கத் தோதான நடுத்தரச் சட்டத்துக்குள் இறக்கினார்கள். அந்தத் துப்பாக்கியின் பின்னால் இருந்த கணக்கே இதுதான்: பெரும்பாலும் .38 சுட்டுப் பழகு, பணிக்குப் போகும்போது மேக்னத்தைப் போட்டுக்கொள். சிக்கனமான, புத்திசாலித்தனமான கணக்கு. எங்க வீட்டுல தீபாவளிக்கு எடுத்த பட்டுப்புடவையைப் பெட்டியில வெச்சிட்டு வாயில் புடவை கட்டற கணக்குதான்.

இதுக்கு ஒரு சில்லறைத் தொல்லை இருந்தது, படிக்கும்போது எனக்கு ரொம்பப் பிடிச்சது. குட்டையான .38 கூட்டையே தொடர்ந்து சுட்டுட்டு இருந்தா, அந்தக் கூடு முடியற இடத்துக்கு முன்னாடி, துப்பாக்கி அறைக்குள்ள கரியும் ஈயமும் வளையமாப் படியும். அப்புறம் நீளமான மேக்னம் தோட்டாவை உள்ளே தள்ளினா அந்த வளையத்துல மாட்டிக்கும். போகாது, போனா, சுட்டப்புறம் சுலபத்துல வெளிய வராது. ஒழுங்காத் துடைக்கலைன்னா, பழக்கமே நிஜத்துக்கு வழிமறிக்கும்.

இனி 1970.

ஏப்ரல் 5 இரவு, நள்ளிரவை நெருங்கும் நேரம். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் நியூஹால் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு காபி கடையும் பெட்ரோல் பங்கும் இருந்த வளாகம். ஒரு காரோட்டி தன் மேல் துப்பாக்கியை நீட்டினான் என்று ஒருவர் புகார் கொடுத்ததை வைத்து, கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துக் காவலர்கள் வால்டர் ஃப்ராகோவும் ரோஜர் கோரும் அந்தக் காரை மடக்கினார்கள். காரில் இருந்தவர்கள் பாபி டேவிஸ், ஜாக் ட்வினிங் என்ற இரண்டு பழைய குற்றவாளிகள். சில வினாடிகளில் காவலர்கள் இருவரும் செத்து விழுந்தார்கள். உதவிக்கு வந்த இன்னொரு ரோந்து வண்டியில் ஜேம்ஸ் பென்ஸ், ஜார்ஜ் அலெய்ன். அவர்களும் செத்தார்கள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் கூட இல்லை.

நாலு பேருக்கும் வயசு 23, 24. யாரும் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் முடியலை. எல்லாருக்கும் கல்யாணம் ஆகி, குழந்தைகள்.

அந்தப் பக்கமாக் காரில் போன கேரி நெஸ் என்ற ஒரு சாதாரண ஆள், முன்னாள் மரீன், வண்டியை நிறுத்திட்டு ஓடிவந்து அடிபட்டுக் கிடந்த அலெய்னை இழுத்துக் காப்பாத்தப் பார்த்தார். முடியலை. கீழே கிடந்த ஷாட்கன்னை எடுத்து அழுத்தினார், காலி. அப்புறம் அலெய்னோட ரிவால்வரை எடுத்துச் சுட்டதுல டேவிஸுக்குக் காயம் பட்டது. குற்றவாளிகளும் ரொம்ப தூரம் போகலை. ட்வினிங் ஒரு வீட்டுக்குள்ள போய் ஒளிஞ்சு, போலீஸ் சுத்தி வளைச்சப்புறம், ஃப்ராகோகிட்ட இருந்து பிடுங்கிட்டுப் போன ஷாட்கன்னாலேயே தன்னைச் சுட்டுக்கிட்டான். டேவிஸுக்கு மரண தண்டனை விதிச்சு, அப்புறம் அது ஆயுள் தண்டனையா மாறி, 2009-ல சிறையிலேயே தற்கொலை.

அமெரிக்கப் போலீஸ் பயிற்சிக் கூடங்கள்ல இந்தச் சம்பவத்தைச் சொல்லாத ஆசிரியரே கிடையாதுன்னு சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது ஒரு கிளைக்கதையும் கூடவே வரும். பென்ஸ் ஆறு தோட்டாவையும் சுட்டு முடிச்சு, காருக்குப் பின்னால மண்டி போட்டு ஒவ்வொண்ணா மறுபடி நிரப்பிட்டு இருந்தப்பதான் செத்தார். அது உண்மை. கிளைக்கதை என்னன்னா, அவரோட பாக்கெட்டுக்குள்ள ஆறு காலிக் கூடு இருந்ததாம். அதாவது, பயிற்சி மைதானத்துல கூடுகளைத் தரையில போட்டா பொறுக்கணுமேன்னு பாக்கெட்டுல போட்டுப் பழகின கை, உயிர் போற நேரத்துலயும் அதையே செஞ்சதாம்.

கேட்டதும் உடம்பு சிலிர்க்குது இல்லையா? எனக்கும் சிலிர்த்தது. ஒரு பத்துப் பேர்கிட்டயாவது நானே இதைச் சொல்லியிருப்பேன். ஆனா பின்னாளில் வழக்கு ஆவணங்களையும் படங்களையும் தோண்டிப் பார்த்தவங்க சொல்றது வேற: காலிக் கூடுகள் தரையிலதான் கிடந்தன. பென்ஸ் கொட்டிட்டுத்தான் நிரப்பியிருக்கார். நாற்பது வருஷத்துக்கும் மேல ஒரு செத்த மனுஷனோட பாக்கெட்டுல, அவர் போடாத கூடுகளை ஊர் கூடிப் போட்டு வெச்சிருக்கு.

எனக்கு இதுலதான் ஆத்தாமை. ஆதாரம் இல்லாத கதை எல்லார் வாயிலயும் இருக்கு. ஆவணத்துல இருக்கிற விஷயம் வாயிலேயே நிக்கலை, ஏன்னா அது சப்புன்னு இருக்கு. அந்தச் சப்பு விஷயம் இதுதான்: அந்தத் துறையில காவலர்களுக்குச் சுடப் பயிற்சி கொடுத்தது .38-ல். மதிப்பெண் போட்டதும் அதை வெச்சுத்தான். ஆனா மேக்னம் ரிவால்வரும் மேக்னம் தோட்டாவுமா வேலைக்குப் போனவங்க இருந்தாங்க. பதிவேட்டைப் பார்த்தா தேறினவங்க. அந்த மதிப்பெண் 107-க்கு வாங்கினதுன்னு பதிவேட்டுல யாரும் எழுதி வைக்கலை. ராத்திரி இருட்டுல, அடுப்பைத் திறந்த மாதிரி முகத்துக்கு முன்னாடி நெருப்புச் சுடர் அடிக்க, காதடைக்க, 195 கையில உதைக்கறப்ப, ஒருத்தர் ரெண்டாவது குண்டை எவ்வளவு நேரத்துல எங்க வைப்பார்னு அந்த மதிப்பெண்ணுக்குத் தெரியாது.

அன்னிக்கு ராத்திரி நடந்ததுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொன்னா அது இன்னொரு கட்டுக்கதை ஆயிடும். காரை அணுகின விதம், ஷாட்கன்னைக் கையாண்ட விதம், எதிர்ல இருந்தவங்களோட கொடூரம், அனுபவமின்மைன்னு பட்டியல் நீளும். பதற்றத்துல சுடாத தோட்டா ஒண்ணை ஷாட்கன்ல இருந்து வெளியே தள்ளினதும் உண்டு. ஆனா அந்தத் துறை அப்புறம் என்ன மாத்துச்சுன்னு பாருங்க. வண்டியை மடக்கும் முறைகள் மாறின. ஆறு தோட்டாவையும் ஒரே தள்ளில் நிரப்பும் 'ஸ்பீட்லோடர்' வந்தது. கூடவே, பணிக்கு .38 ஸ்பெஷல்தான் என்று பொதுவாக்கி, பயிற்சியையும் பணியையும் ஒரே தோட்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். மேக்னத்தில் பழக்குவதற்குப் பதிலா மேக்னத்தையே எடுத்துட்டாங்க. கௌரவமான பின்வாங்கல்னு எனக்குத் தோணுது. பழகாத பெரிய குண்டைவிடப் பழகின சின்ன குண்டு மேல்.

மத்த ஊர்ப் போலீஸ் துறைகள் எதிர்ப்பக்கம் போயின: 'எதைச் சுமக்கறியோ அதையே சுட்டுப் பழகு'. சரியான பேச்சுதான். ஆனா இப்ப அடி வாங்கினது துப்பாக்கி. நான் மேலே சொன்ன காம்பாட் மேக்னம், பெரும்பாலும் .38 தின்னும்னு நினைச்சுச் செஞ்சது. அதுக்கு தினமும் மேக்னம் விருந்து வெச்சா? தேய்மானம், விரிசல். 1980களின் தொடக்கத்துல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொஞ்சம் தடிமனான புதுச் சட்டம் ஒண்ணைக் கொண்டுவர வேண்டியதாச்சு. பட்டுப்புடவையை தினமும் கட்டினா என்ன ஆகும்னு வீட்டுல கேளுங்க.

போலீஸ் கதை இப்படி. விளையாட்டுப் போட்டிக்காரங்க இதே சிக்கலைப் பிடிச்ச விதம் தனி ரகம்.

1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சி முழுக்க கௌபாய் தொடர்கள். அதைப் பார்த்துட்டு ஊர் ஊரா 'யார் முதல்ல துப்பாக்கியை உருவறது' போட்டி. இடுப்புல இருந்து உருவி இடுப்பு உயரத்துலயே சுடணும். நிஜக் குண்டு போட்டா தொடையில ஓட்டை விழும்; அதனால வெத்துத் தோட்டா, இல்லேன்னா மெழுகு குண்டு. லேசான தோட்டான்னா அதுக்கு மேல லேசு கிடையாது. கலிஃபோர்னியாவில் பிக் பேர் ஏரிப் பக்கம் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரீன் அதிகாரி நிஜத் தோட்டாவில் போட்டி நடத்தினார். 7 கெஜ தூரத்தில் பலூன்கள். மெழுகுக் குண்டில் மின்னலா இருந்தவங்க இடுப்புல இருந்து படபடன்னு சுட்டுத் தள்ளினாங்க, பலூன் அப்படியே ஆடிட்டு இருந்தது. ஜாக் வீவர் என்ற ஷெரிஃப் துறைக்காரர் மட்டும் துப்பாக்கியை ரெண்டு கையால பிடிச்சுக் கண்ணுக்கு நேரா உயர்த்தி, குறி பார்த்துச் சுட்டார். 1959-ல அவர் ஜெயிச்சார். இன்னிக்கு சினிமாவுல எந்தப் போலீஸ்காரர் ரெண்டு கையால பிடிச்சு நின்னாலும், அந்த நிலைக்கு வீவரோட பேர்தான் முதல்ல நினைவுக்கு வரும்.

கூப்பர் பிடிவாதக்காரர். அவருடைய மற்ற அரசியல் கருத்துகள் எனக்கு ஒத்துவராதவை, ஆனா இந்த ஒரு விஷயத்துல மனுஷ சுபாவத்தை அளந்து வெச்சிருந்தார். போட்டின்னு வெச்சா, ஜெயிக்கறதுக்காக எல்லாரும் தோட்டாவை லேசாக்கிட்டே போவாங்கன்னு அவருக்குத் தெரியும். உபதேசம் பண்ணலை, விதி போட்டார்கள். 1976-ல் மிசூரி மாநிலம் கொலம்பியாவில் ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசக் கூட்டமைப்பு தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்கள் அதன் குறிக்கோள். நடுவில் இருக்கிற 'வலிமை'யை எப்படி அளப்பது? ஆரம்பத்தில் ஒரு ஊசல். இரும்புத் தகட்டை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டு, போட்டியாளரின் தோட்டாவால் அதைச் சுடுவார்கள். எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று அளவுகோல் காட்டும். ஏமாத்தவே முடியாது! பின்னால் வேகம் அளக்கும் கருவி வந்ததும் ஊசல் ஓய்வு பெற்றது, பெருக்கல் கணக்கு வந்தது.

இன்றைய விதிப்படி ஸ்டாண்டர்ட் பிரிவில் 170-ஐ எட்டினால் 'மேஜர்', 125-ஐ எட்டினால் 'மைனர்'. நட்டநடுவில் அடித்தால் ரெண்டு பேருக்கும் 5 மதிப்பெண். கொஞ்சம் விலகினால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. இன்னும் விலகினால் 2, 1. லேசான தோட்டா வெச்சுக்கோ, தடையில்லை. ஆனா நீ தவறினா உனக்கு அடி அதிகம். 125-க்கும் கீழே போனா மதிப்பெண்ணே கிடையாது, வேணும்னா சும்மா சுட்டுட்டுப் போலாம். நம்ம நியூஹால் காலத்து வாட்கட்டரின் 107-ஐ இங்க கொண்டுபோனா பூஜ்யம்.

உடனே எல்லாரும் யோக்கியர்கள் ஆயிட்டாங்கன்னு நினைச்சிடாதீங்க. மேஜர் 170-ன்னா, 171-க்கோ 172-க்கோ மருந்தை நிறுத்துக் கட்டற கலை பிறந்தது. பழைய கௌபாய் பாணிப் போட்டிகள்ல தோட்டாக்கள் சுருங்கிச் சுருங்கி, கடைசியில 60-க்குக் கீழ போகக் கூடாதுன்னு அவங்களும் கோடு போட வேண்டியதாச்சு. 60! என் என்.சி.சி. .22-க்குப் பக்கத்துல.

சரி, போட்டியில 170. வீட்டுப் பயிற்சியில? அங்க விதி கிடையாது. இன்னிக்கும் நிறைய பேர் போட்டிக்கு ஒண்ணு, பழக்கத்துக்கு ஒண்ணுன்னுதான் வெச்சிருக்காங்க. அதுல நியாயமும் உண்டு. விசையை அலுங்காம அழுத்தறது, குறியை ஒழுங்காப் பார்க்கறது, பிடி, இதெல்லாம் உதை கம்மியா இருந்தாத்தான் மண்டையில ஏறும். உதைக்குப் பயந்து கை முன்கூட்டியே நடுங்கற வியாதிக்கு மருந்தே கொஞ்ச நாள் லேசான தோட்டாவுக்கு இறங்கறதுதான். ஆனா அதுல கத்துக்க முடியாததும் இருக்கு. உதைச்சு மேலே போன குழல் மறுபடி குறிக்கு வர எடுத்துக்கற நேரம் வேற. அந்தத் தாளம் வேற. மெதுவான குண்டு குழலுக்குள்ள கூடுதல் நேரம் இருக்கறதால, அதுக்குள்ள குழல் எழும்பி, கிட்டத்து இலக்குல கொஞ்சம் மேல போய்ப் படும். தானியங்கிப் பிஸ்டல்ல இன்னொரு கூத்து: தோட்டா ரொம்ப லேசானா மேல்தட்டு முழுசாப் பின்னால போகாது, சிக்கிக்கும். ஸ்பிரிங்கை மாத்தணும். மாத்தினதை மறந்து போட்டித் தோட்டாவைப் போட்டா சட்டம் அடி வாங்கும்.

இதுக்கு நடுவுல ஒரு ஆள் விசித்திரமான தீர்வு கண்டுபிடிச்சார். டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ், வட கரோலினாக்காரர். 1921-ல அவரோட கள்ளச்சாராய அடுப்பைப் போலீஸ் சுத்தி வளைச்சப்ப ஒரு துணை ஷெரிஃப் சுடப்பட்டுச் செத்தார். வில்லியம்ஸுக்கு முப்பது வருஷ தண்டனை. சிறைப் பட்டறையிலேயே துப்பாக்கி இயக்கங்களை வடிவமைச்சார்னா நம்புவீங்களா? 1929-ல விடுதலை. அவர் யோசிச்சதுல ஒண்ணு 'மிதக்கும் அறை'. தோட்டா உட்கார்ற அறை தனியா முன்னும்பின்னும் நகரும். வெடிக்கிற வாயு அதைப் பின்னால தள்ள, அது மேல்தட்டை ஓங்கிக் குத்தும். சின்ன .22 தோட்டா, கனமான .45 பிஸ்டலை நல்லாவே உலுக்கும். 1930களின் பிற்பாதியில கோல்ட் நிறுவனம் 'சர்வீஸ் ஏஸ்' என்ற பயிற்சிப் பிஸ்டல்ல இதை வெச்சு வித்தது. .22-க்கு நம்ம கணக்குல 44, .45-க்கு 190 சொச்சம். நாலு மடங்கு இடைவெளி. அந்த இடைவெளியைத் தோட்டாவுல அடைக்காம இரும்புல அடைச்சார் மனுஷன். மலிவும் வேணும், உதையும் வேணும்! இவரைப் பத்தி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிச்சு 1952-ல படமே வந்தது.

கடைசியா எஃப்.பி.ஐ. 1986 ஏப்ரல் 11-ல மயாமியில ரெண்டு கொள்ளைக்காரங்களோட நடந்த சண்டையில ரெண்டு அதிகாரிகள் செத்து, அஞ்சு பேர் காயம். தோட்டா போதலைன்னு முடிவு கட்டி, அவங்க போய் நின்னது 10 மி.மீ.ல. 200 கிரெய்ன், 1,200 அடி: 240. மேக்னத்தையே தூக்கிச் சாப்பிடற எண். சீக்கிரமே தெரிஞ்சது, எல்லா அதிகாரிகளாலும் இதைச் சுட்டுத் தேற முடியாதுன்னு. வேகத்தைக் குறைச்சாங்க: 180 கிரெய்ன், 950 அடி, 171. அப்ப இவ்வளவு பெரிய கூடு எதுக்குன்னு அதை வெட்டிச் சுருக்கினதுல 1990-ல .40 எஸ் அண்ட் டபிள்யூ பிறந்தது. 2010களின் நடுவுல அதையும் விட்டுட்டு 9 மி.மீ.க்கே திரும்பினாங்க, 140 சொச்சத்துக்கு. குண்டுகளோட வடிவமைப்பு முன்னேறினதும், அந்த உதையில நிறைய பேர் வேகமாவும் துல்லியமாவும் சுடறாங்கங்கறதும் அவங்க சொன்ன காரணம். கலிஃபோர்னியாக்காரங்க 1970-ல போய்ச் சேர்ந்த அதே இடம்.

அந்த ஹவில்தார் விஷயம் பாக்கி இருக்கு. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் என்னை மட்டும் திரும்பப் படுக்கச் சொன்னார். ரைஃபிளை அவரே வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிட்டுத் தோட்டா போட்டு நீட்டினார். "சுடு தம்பி." கண்ணை இறுக்கி, பல்லைக் கடிச்சு அழுத்தினேன். 'க்ளிக்.' உள்ளே இருந்தது மருந்தில்லாத பயிற்சித் தோட்டா. சத்தமும் இல்லை, உதையும் இல்லை. ஆனா குழலோட நுனி மட்டும் ஒரு சாண் கீழே குத்தி நின்னுச்சு. நானே குத்தியிருக்கேன். அவர் ஒண்ணும் பேசலை. ரைஃபிளை வாங்கிட்டு, மறுபடி முதுகைக் காட்டித் திரும்பினார். அடுத்தது நிஜமா, வெத்தா, தெரியாது. அப்படி எட்டோ ஒம்பதோ தடவை. அதுல நிஜத் தோட்டா ரெண்டே ரெண்டு. ரெண்டாவது அட்டையில பட்டிருந்தது, ஓரத்துல.

எழுந்து போய்ப் பார்த்தா மெஸ்ஸுல சோறு தீர்ந்து போயிருந்தது. ரசம் மட்டும் இருந்தது.